மாட்டுக் கொம்பும் மலையடிவார ஒயினும்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கித் திருத்தப்பட்டுள்ளன.)

இன்னைக்கு ஒரு மாட்டுக் கொம்பிலிருந்து ஆரம்பிக்கலாம்.

பசு மாட்டின் கொம்பு. உள்ளே வெறுமையாக இருக்கும். அதில் பசுஞ்சாணத்தை அடைத்து, குளிர் தொடங்கும் முன் மண்ணுக்குள் புதைக்கிறார்கள். பனிக்காலம் முழுக்க அது பூமிக்குள்ளேயே கிடக்கும். வசந்த காலத்தில் தோண்டி எடுத்தால், சாண வாடையே இல்லாமல், காட்டு மண் மாதிரி கருப்பாக, பொலபொலவென்று ஒன்று கிடைக்கும். அதில் கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் போட்டு ஒரு மணி நேரம் கலக்க வேண்டும். சும்மா இல்லை. ஒரு பக்கமாகச் சுழற்றி, நடுவில் சுழி விழுந்ததும் சட்டென்று எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். மறுபடி சுழி, மறுபடி எதிர்ப்பக்கம். பிறகு சாயங்கால நேரத்தில் அதை நிலத்தில் தெளிக்க வேண்டும்.

எவ்வளவு தெரியுமா? ஒரு ஹெக்டேருக்கு ஏறக்குறைய 100 கிராம். நம்ம கணக்கில் சொன்னால், ஒரு கிரவுண்டு நிலத்துக்கு இரண்டு கிராம் சொச்சம்.

"என்னங்க இது, மந்திரமா?"ன்னு தோணுதா? எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் உலகத்தின் மதிப்புமிக்க ஒயின்களில் சிலவற்றைத் தயாரிப்பவர்கள், வேதியியல் படித்தவர்கள், இதைச் செய்கிறார்கள். அவர்களில் ஒரு குடும்பத்தின் கதைதான் இன்றைய எபிசோட். குடிக்கச் சொல்லும் எபிசோட் இல்லை இது, அதை முதலிலேயே சொல்லிடறேன். இது திராட்சைத் தோட்டத்தைப் பற்றியது. ஒரு விஷயத்தை முழுசாக நம்பாமலே அதிலிருந்து என்ன எடுத்துக்கொள்ளலாம் என்பதைப் பற்றியது.

மலைக்கு நடுவில் ஒரு சமவெளி

இத்தாலியின் வடக்கு மூலைக்குப் போவோம். ஆல்ப்ஸ் மலைத்தொடரின் ஒரு பகுதியான டோலமைட் மலைகள். அங்கே ட்ரென்டோ என்ற நகரத்துக்கு வடக்கே, செங்குத்தான பாறைச் சுவர்களுக்கு நடுவில், தட்டையான ஒரு நிலம் இருக்கிறது. பெயர் காம்போ ரொத்தாலியானோ. நோச்சே என்ற ஆறு மலையிலிருந்து கூழாங்கல்லையும் மணலையும் அடித்துக்கொண்டு வந்து கொட்டி உருவாக்கிய நிலம் அது. மேலே கொஞ்சம் மண், கீழே கல். தண்ணீர் தேங்காது.

இந்தச் சமவெளிக்கென்றே ஒரு கருப்புத் திராட்சை உண்டு. பெயர் தெரோல்தெகோ. ட்ரென்டோ பகுதிக்கு வெளியே இதைப் பெரிதாக யாரும் பயிரிடுவதில்லை. ஆனால் உறவு பெரிய இடம்! 2006-ல் வெளியான ஒரு மரபணு ஆய்வு இதன் குடும்பத்தைத் தேடிப் போனது. உலகம் முழுக்கப் பிரபலமான சீரா என்ற திராட்சை இருக்கிறதே, அதன் தகப்பன் ரகமும் தெரோல்தெகோவும் உடன்பிறப்புகளாக இருக்க வேண்டும் என்று அந்த ஆய்வு சொன்னது. நம்ம முறையில் சொன்னால், தெரோல்தெகோ சீராவுக்குப் பெரியப்பா அல்லது சித்தப்பா.

அந்த ஊர்ப் பக்கம் பழைய முறையில் கொடிகளைப் பந்தலில்தான் ஏற்றுவார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சைப் பந்தல் பார்த்தவர்களுக்கு உடனே புரியும். அங்கே மலைச்சரிவுக்கு ஏற்றாற்போலப் பந்தல் கொஞ்சம் சாய்ந்திருக்கும், அவ்வளவுதான்.

அப்பா இல்லாத வீடு

இங்கே மெட்ஸோலொம்பார்தோ என்ற சின்ன ஊரில் ஃபொராதோரி குடும்பத்தின் தோட்டம் இருக்கிறது. தாத்தா காலத்தில், 1929-ல், குடும்பத்தின் கைக்கு வந்தது. அப்பா ரொபெர்த்தோ 1970-களில் இறந்துவிட்டார். மகள் எலிசபெத்தா அப்போது சிறுமி. அம்மாதான் தோட்டத்தைத் தாங்கிப் பிடித்தார்.

பக்கத்து ஊரான சான் மிக்கேலேயில் 1874-லிருந்து இயங்கும் புகழ்பெற்ற வேளாண் கல்விக்கூடம் ஒன்று உண்டு. எலிசபெத்தா அங்கே ஒயின் தயாரிப்பு படித்தார். படிப்பு முடித்த கையோடு, 1984-ல், தோட்டப் பொறுப்பை ஏற்றார். நம்மில் பலர் அந்த வயதில் அரியர் பேப்பரைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருப்போம். அவர் கையில் ஒரு தோட்டம், ஒரு நிலவறை, ஒரு குடும்பத்தின் வருமானம்.

அவர் முதலில் பார்த்த பிரச்சினை கொடியில்தான். அந்தக் காலத்தில் நாற்றங்கால்கள் அதிக மகசூல் தரும் சில கொடிகளை மட்டும் தேர்ந்தெடுத்து, அதே கொடியின் நகல்களைத்தான் எல்லாருக்கும் கொடுத்தன. குளோன் என்று சொல்வோமே, அதுதான். தோட்டம் முழுக்க ஒரே கொடி. பழம் நிறைய வரும், ருசி தண்ணீராக இருக்கும். தெரோல்தெகோ என்றால் மலிவான ஒயின் என்று பேராகிவிட்டது.

எலிசபெத்தா பழைய தோட்டங்களில் இருந்த வயதான கொடிகளைத் தேடிப் போனார். ஒவ்வொன்றும் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும். ஒன்றின் குலை சின்னது, இன்னொன்றின் தோல் கெட்டி. அவற்றிலிருந்து குச்சி வெட்டி எடுத்து, பல விதமான தெரோல்தெகோவைத் தன் நிலத்தில் நட்டார். 1986-ல் கிரனாத்தோ என்ற ஒயினை முதல்முறை தயாரித்தார். அடுத்து வந்த ஆண்டுகளில் அது இத்தாலிக்கு வெளியேயும் பேர் வாங்கியது. மலிவு என்று ஒதுக்கப்பட்ட திராட்சைக்கு மரியாதை கிடைத்தது.

சாதாரணமாகக் கதை இங்கே முடிந்திருக்கணும். ஜெயிச்சாச்சு, சுபம்! ஆனால் 2000-ஐ ஒட்டி அவர் தன் வேலையையே திரும்பிப் பார்த்துக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். படித்ததை எல்லாம் சரியாகச் செய்கிறோம், ஒயினும் நன்றாகத்தான் வருகிறது. ஆனால் அந்தச் சரியான ஒயினில் இந்த நிலம் எங்கே? 2002-ல் தோட்டத்தை பயோடைனமிக் முறைக்கு மாற்றத் தொடங்கினார். தமிழில் இதை உயிராற்றல் வேளாண்மை என்கிறார்கள். 2009-ல் அதற்கான டிமீட்டர் சான்றிதழ் வந்தது.

நல்லா ஓடிக்கொண்டிருக்கும் கடையை நடுவில் நிறுத்தி, கூரையைப் பிரித்து மறுபடி கட்டுகிற மாதிரியான முடிவு இது. ஐரோப்பிய விதிப்படி திராட்சை மாதிரி நிரந்தரப் பயிரை இயற்கை முறைக்கு மாற்ற 3 ஆண்டு ஆகும். அந்த 3 ஆண்டும் செலவு முழுசா உண்டு, லேபிள் கிடையாது.

எங்கிருந்து வந்தது இந்தக் கொம்பு?

1924 ஜூன் மாதம். அப்போது ஜெர்மனியில் இருந்த, இப்போது போலந்தில் இருக்கும் கோபர்விட்ஸ் என்ற ஊர். அங்கே ஒரு பண்ணை மாளிகையில் ருடால்ஃப் ஸ்டைனர் என்ற ஆஸ்திரியத் தத்துவவாதி விவசாயிகளுக்கு 8 சொற்பொழிவுகள் ஆற்றினார். மண் சக்தி இழக்கிறது, விதை பலவீனமாகிறது என்று அந்த விவசாயிகள் கவலைப்பட்டார்கள். ரசாயன உரம் பரவிக்கொண்டிருந்த காலம் அது.

ஸ்டைனர் விவசாயி இல்லை. பல வருஷம் வயலில் நின்று சோதித்துப் பார்த்துவிட்டுச் சொன்னதும் இல்லை. அடுத்த வருஷம், 1925 மார்ச்சில் இறந்தும் போனார். ஆனால் அந்தச் சொற்பொழிவுகளில் இரண்டு வகைச் சரக்கு இருந்தது.

ஒன்று, பண்ணை என்பது ஓர் உடம்பு என்ற பார்வை. மாடு, சாணம், பயிர், மரம், பூச்சி, மனிதன் எல்லாம் அதன் உறுப்புகள். வெளியிலிருந்து மூட்டை மூட்டையாக எதையும் வாங்கிக் கொட்டாமல் அந்த உடம்பு தன்னைத் தானே ஊட்டிக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, தயாரிப்புகள். 500 என்று எண் கொடுக்கப்பட்ட கொம்பு சாண உரம். பொடித்த பளிங்குக் கல்லைக் கொம்பில் அடைத்துக் கோடையில் புதைக்கும் 501. ஓக் மரப்பட்டையை விலங்கின் மண்டை ஓட்டில் அடைத்துப் புதைப்பது உட்பட, குப்பை உரத்தில் சேர்க்க இன்னும் சில. இவை பிரபஞ்ச சக்திகளைப் பண்ணைக்குள் இழுக்கும் என்றார் ஸ்டைனர்.

பின்னாடி 1960-களில் ஜெர்மனியைச் சேர்ந்த மரியா தூன் ஒரு நாட்காட்டி போட ஆரம்பித்தார். நிலா எந்த ராசி மண்டலத்தில் நிற்கிறது என்று பார்த்து, வேர் நாள், இலை நாள், பூ நாள், கனி நாள் என்று பிரிப்பார்கள். மேஷம், சிம்மம், தனுசு என்றால் கனி நாள். திராட்சை வேலைக்கு உகந்தது.

இந்த இடத்தில் உங்களுக்கு எதாவது ஞாபகம் வருதா? நம்ம வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரில் தேதிக்குக் கீழே மேல்நோக்கு நாள், கீழ்நோக்கு நாள், சமநோக்கு நாள் என்று போட்டிருக்குமே! அன்றைய நட்சத்திரத்தை வைத்துப் பிரிப்பது. கிழங்கு போடக் கீழ்நோக்கு நாள் பார்க்கிறவர்கள் இன்றும் உண்டு. இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் டோலமைட் மலையில் ஒருத்தர் நாள் பார்த்துக் கொடி வெட்டினால், அதைப் பார்த்து நாம் ரொம்ப ஆச்சரியப்பட நியாயமில்லை. சொல்லப்போனால், நம்ம கொடைக்கானல் மலையிலேயே இந்தக் கொம்பு சாண உரத்தைத் தயாரிக்கிறார்கள்.

சரி, இது வேலை செய்யுதா?

நேர்மையாகப் பேசலாம். கொம்புக்கும் நிலாவுக்கும் சொல்லப்படும் சக்தியை அறிவியல் உறுதி செய்யவில்லை.

அமெரிக்காவில் கலிஃபோர்னியாவில் ஒரு திராட்சைத் தோட்டத்தைப் பிரித்து, ஒரு பாதி இயற்கை வேளாண்மை, இன்னொரு பாதி அதோடு பயோடைனமிக் தயாரிப்புகள் என்று சில ஆண்டுகள் ஒப்பிட்டார்கள். 2005-ல் முடிவு வந்தது. மண்ணின் தரத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

இன்னொரு பக்கம், சுவிட்சர்லாந்தில் பாசல் நகரத்துக்குப் பக்கத்தில் 1978-லிருந்து ஒரு நீண்ட சோதனை நடக்கிறது. கோதுமை, உருளைக்கிழங்கு மாதிரி பயிர்கள். பயோடைனமிக், இயற்கை, வழக்கமான முறை, மூன்றும் பக்கத்துப் பக்கத்து பாத்திகளில். 21 ஆண்டு முடிவுகளை 2002-ல் வெளியிட்டார்கள். பயோடைனமிக், இயற்கை இரண்டிலும் மகசூல் சுமார் 20 சதவீதம் குறைவு. ஆனால் உரமும் எரிசக்தியும் 34 முதல் 53 சதவீதம் வரை குறைவாகச் செலவாயின. பூச்சிக்கொல்லி 97 சதவீதம் குறைவு. மண்ணில் உயிர் அதிகம்.

இரண்டையும் சேர்த்துப் பாருங்க. ரசாயனத்தை நிறுத்தி, மக்கிய உரம் போட்டு, மண்ணைக் கவனித்தால் பலன் இருக்கு. அதுக்கு மேல கொம்பு என்ன கூடுதலாகக் கொடுக்குது என்று கேட்டால், கையை விரிக்க வேண்டியதுதான்.

அப்போ கொம்பைத் தூக்கிப் போட்டுவிடலாமா? இங்கேதான் எனக்கு இந்தத் தோட்டம் ஒரு விஷயத்தைப் புரிய வைத்தது. அதுக்குத் திராட்சை இலையில் வரும் ஒரு நோயைப் பற்றிக் கொஞ்சம் பேசணும்.

மழைக்கு முன்னாடி ஓடுகிறவர்கள்

அடிச்சாம்பல் நோய். ஈரம் இருந்தால் போதும், இலையின் அடிப்பக்கம் வெள்ளையாகப் பூசணம் பிடிக்கும். கவனிக்காமல் விட்டால் அந்த வருஷப் பழம் போச்சு. மலையடிவாரத்தில் மழைக்குப் பஞ்சமில்லை.

வழக்கமான தோட்டத்தில் இதற்கு ஊடுருவிப் பாயும் மருந்துகள் உண்டு. அடித்தால் இலைக்குள்ளேயே போய்விடும். மழை வந்தாலும் சில நாட்கள் பாதுகாப்பு. காலண்டரைப் பார்த்து அடித்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம்.

பயோடைனமிக் தோட்டத்தில் அது கிடையாது. அவர்களிடம் இருப்பது முக்கியமாகத் தாமிரம். மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்த்த போர்டோ கலவை நம்ம விவசாயிகளுக்கும் நன்றாகத் தெரியும். அது இலையின் மேல் படிந்து நிற்கும், அவ்வளவுதான். பெரிய மழை வந்தால் கழுவிக்கொண்டு போய்விடும். நேற்று துளிர்த்த இலையில் அது இருக்கவே இருக்காது. அதனால் விவசாயி வானத்தைப் பார்க்கணும், துளிரைப் பார்க்கணும், இலையைத் திருப்பிப் பார்க்கணும். மழைக்கு முன்னாடி ஓடணும்.

அதையும் இஷ்டத்துக்கு அடிக்க முடியாது. தாமிரம் மக்கிப் போகாது, மண்ணிலேயே சேரும், மண்புழுவுக்குக் கேடு. ஐரோப்பிய ஒன்றியம் 7 ஆண்டுகளுக்கு ஒரு ஹெக்டேருக்கு மொத்தம் 28 கிலோதான் என்று வரம்பு போட்டிருக்கிறது. சராசரியாக ஆண்டுக்கு 4 கிலோ. மழை அதிகமான வருஷத்தில் இது ரொம்ப நெருக்கடியான கணக்கு.

இப்போ கொம்புக்குத் திரும்பி வாங்க. ஒரு மணி நேரம் நின்று தண்ணீரைக் கலக்குகிற ஆள், அதைத் தெளிக்க சாயங்காலம் ஒவ்வொரு வரிசையாக நடக்கிற ஆள், என்ன செய்கிறார்? தோட்டத்தைப் பார்க்கிறார். எந்த வரிசையில் இலை மஞ்சளாகியிருக்கு, எங்கே புல் வேறு மாதிரி முளைச்சிருக்கு, எங்கே மண் காலுக்குக் கெட்டியாகத் தெரியுது? மருந்து வண்டியின் மேல் உட்கார்ந்து போகிறவருக்கு இது தெரியாது. மருந்தில்லாத தோட்டம் பிழைக்க, யாராவது ஒருத்தர் எப்போதும் அங்கே இருந்தாக வேண்டும். இந்தச் சடங்குகள் அந்த ஒருத்தரை அங்கே இருக்க வைக்கின்றன.

இது என் வாசிப்பு. "அதுக்கு எதுக்குக் கொம்பு, தினமும் வாக்கிங் போனா போதாதா?" என்று நீங்க கேட்கலாம். போதும். ஆனால் போகமாட்டோம், இல்லையா? ஜிம்முக்குப் பணம் கட்டிய எல்லாருக்கும் இது தெரியும்.

தாழிக்குள் எட்டு மாதம்

நிலத்தை மாற்றின பிறகு நிலவறையும் மாறியது. ஸ்பெயினில் வில்யாரொப்லேதோ என்ற ஊரில் ஒரு குயவர் பழைய முறையில் பெரிய மண் தாழிகள் செய்கிறார். அவற்றை எலிசபெத்தா வரவழைத்தார். தாழி என்றதும் நமக்கு ஆதிச்சநல்லூர்தான் ஞாபகம் வரும். இங்கே அதற்குள் உயிர்தான் நடக்கிறது. திராட்சையைத் தோலோடு தாழியில் போட்டு, ஈஸ்ட் எதையும் வெளியிலிருந்து சேர்க்காமல், பழத்தோடு வந்த ஈஸ்டே நொதிக்க விடுகிறார்கள். ஏறக்குறைய 8 மாதம் அப்படியே இருக்கும்.

மரப்பீப்பாய் தன் வாசனையை ஒயினுக்குக் கொடுக்கும். மண் தாழி அப்படி எதையும் பெரிதாகக் கொடுக்காது, கொஞ்சம் காற்றை மட்டும் உள்ளே விடும். அதனால் தோட்டத்தில் தப்பு நடந்திருந்தால் தாழி அதை மறைக்காது. சோறு நல்லா இல்லைன்னா ரசத்தை ஊத்தி மறைக்கலாம். இங்கே ரசமே கிடையாது.

இன்னொன்றும் செய்தார்கள். அந்தச் சமவெளியின் அதிகாரப்பூர்வப் பெயரை லேபிளில் போடாமல், டோலமைட் திராட்சைத் தோட்டங்கள் என்ற பொதுவான வகையில்தான் ஒயினை விற்கிறார்கள். அந்தத் திராட்சைக்கே மரியாதை வாங்கிக் கொடுத்தவர், அதன் ஊர்ப்பெயர் முத்திரை இல்லாமல் விற்கிறார். யோசிக்க வேண்டிய இடம்.

அடுத்த தலைமுறை

இப்போது பிள்ளைகள் வந்துவிட்டார்கள். எமிலியோ நிலவறையையும் தோட்டத்தையும் பார்க்கிறார், தியோ விற்பனையை, மகள் மிர்த்தா காய்கறித் தோட்டத்தை. மாடுகளும் வந்தன. எலிசபெத்தா இப்போது பாலாடைக்கட்டி செய்வதில் ஈடுபட்டிருக்கிறார். 1924-ல் சொன்ன "பண்ணை ஓர் உடம்பு" என்பதற்கு வெறும் திராட்சை மட்டும் இருந்த இடத்தில் காய்கறியும் மாடும் சேர்ந்ததுதான் நேரடியான அர்த்தம். சாணம் இனி வெளியிலிருந்து வாங்க வேண்டாம்.

ஆனால் இதை ரொம்ப அழகான படமாக மாட்டிவிட வேண்டாம். சுமார் 28 ஹெக்டேரில் இப்படிச் செய்ய ஆள் வேண்டும், கூலி வேண்டும். பாட்டில் விலை அதைத் தாங்க வேண்டும். நல்ல விலை கொடுக்க ஆள் இருப்பதால்தான் இது நடக்கிறது. அரிசியும் பருப்பும் விளைவிக்கிறவருக்கு அந்த வசதி இல்லை. 20 சதவீத மகசூல் குறைந்தால் ஒயின் வீடு விலையை ஏற்றும், சிறு விவசாயி கடனைத்தான் ஏற்றுவார். "பழைய முறைக்குத் திரும்புங்க" என்று நகரத்தில் உட்கார்ந்து அறிவுரை சொல்லும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கணும்.

அடுத்த முறை சூப்பர் மார்க்கெட்டில் ஆர்கானிக், நேச்சுரல் என்று எழுதிய பாக்கெட்டைக் கையில் எடுக்கும்போது நாம கேட்க வேண்டியது, "இது நிஜமாவே ஆர்கானிக்தானா?" என்பதோடு நிற்க வேண்டாம். இந்த நிலத்தில் தினமும் நடக்கிறது யார்? அவருக்கு அதற்கான கூலி கிடைக்குதா? இந்த இரண்டு கேள்விக்கும் கடையில் பதில் கிடைக்காது. விவசாயியிடம் நேரில் வாங்கும் இடங்களில், வாரச் சந்தைகளில் கிடைக்கலாம். கேட்டுப் பாருங்க.

கொம்பை நம்பணுமா வேண்டாமா என்று முடிவு செய்ய அவசரமில்லை. ஆனால் உங்க வீட்டு மாடியில் ஒரு தொட்டிச் செடி இருந்தால், இன்னைக்குச் சாயங்காலம் போய் அதன் இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்க. என்ன தெரியுதுன்னு எங்களுக்கு எழுதுங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.